கேனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: வக்கீல் அம்மா அவர்களுக்கு வணக்கம். குறிஞ்சிப்பாடி அருகே 3,500 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, கடலூர் முதுநகரில் வாங்கும் தீவனக் கருவாடு எல்லாவற்றையும் நானே அரைத்துக் கலக்கிறேன். கருவாட்டின் மூலம் சால்மோனெல்லா கிருமி வரும் என்று சொல்லி, எனக்குச் சோயா கொடுக்கும் புதுச்சேரி ஏஜென்ட் ஒரு திரவத்தை விற்றார். 25 லிட்டர் கேன் 9,500 ரூபாய், நான்கு வாங்கினேன். தீவனத்தில் தெளித்தால் கிருமி அண்டாது என்றார். இரண்டே மாதத்தில் 900 கோழிகள் செத்துவிட்டன. சோயா பாக்கி 1,02,000, திரவத்துக்கு 38,000 என்று அவருக்கு நான் தர வேண்டியது 1,40,000 ரூபாய். முன்பே கையெழுத்திட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளை வைத்திருந்தார். ஒன்றை 1,40,000 என்று நிரப்பி வங்கியில் போட்டிருக்கிறார். பணம் தரக்கூடாது என்று நான் வங்கிக்கு எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டேன். அவர் வக்கீல் அனுப்பிய பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நஷ்டப்பட்டவன் நான், என் மேலேயே வழக்கா? அமெரிக்காவில் இப்படிப்பட்ட மருந்துகளுக்குக் கறாரான சட்டம் இருக்கிறதாம், ஐரோப்பாவில் சிலவற்றைத் தடையே செய்துவிட்டார்களாம். இங்கே கேட்பாரே இல்லையா? உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் நஷ்டஈடு வாங்கித் தர முடியுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதில் நான்கு பக்கம் ஏஜென்ட் எப்படிப்பட்டவர் என்பது. உங்கள் தங்கை திருமணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர் இப்போது போனை எடுப்பதில்லை என்பது வருத்தம்தான், ஆனால் அதை எந்த நீதிமன்றமும் கேட்காது. எனக்கு வேண்டியது ஏழாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்: "ஒரு கேன் பிரிக்காமலும் ஒன்று பாதியாகவும் கொட்டகையில் கிடக்கின்றன. கம்பெனி ஆள் வந்து எடுத்துப் போய்ப் பரிசோதித்துச் சொல்வதாகவும் பதிலுக்குப் புதுக் கேன் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்."

கொடுக்காதீர்கள். உங்களுக்கு வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பிரிக்காத கேனுக்குள்தான் இருக்கிறது.

பொருளில் குறை என்று நீங்கள் சொல்லி, அது சோதனை செய்தால்தான் தெரியும் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையமே உங்களிடம் மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கேன் இல்லையென்றால் அனுப்ப என்ன இருக்கிறது? 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், விவசாயி விதை முழுவதையும் விதைத்துவிடுவான், சோதனைக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று கருணையோடு சொன்னது. அந்தத் தீர்ப்பை யாராவது உங்களிடம் காட்டுவார்கள். உங்களுக்கு அது உதவாது. கையில் இருந்த சரக்கை விற்றவனிடமே தூக்கிக் கொடுத்தவருக்கு அந்தக் கருணை ஏன் கிடைக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நானாக இருந்தாலும் கேட்பேன்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் தீவன மூட்டைகளை இப்படித்தான் "கம்பெனி லேபுக்கு" அனுப்பினார். மாற்று மூட்டைகளை இறக்கியபோது டிரைவர் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டார். பொடி எழுத்தில் அந்தச் சீட்டு, முந்தைய சரக்கு தொடர்பான கோரிக்கைகள் அனைத்தும் இத்துடன் தீர்ந்தன என்றது. என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்தது அந்தச் சீட்டின் கார்பன் நகல் மட்டும்தான். உங்கள் கொட்டகைக்கு வருகிறவரும் கையில் ஒரு தாளோடுதான் வருவார்.

பிரிக்காத கேனின் மூடி, சீல், லேபிள், பேட்ச் எண் ஆகியவற்றைப் படமெடுங்கள். அரசு கால்நடை மருத்துவரையும் அக்கம்பக்கத்தார் இருவரையும் வைத்து ஒரு மகஜர் (நேரில் பார்த்தவர்கள் கையெழுத்திடும் அறிக்கை) எழுதி, கேனைத் துணியில் கட்டி அரக்கு வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பாதிக் கேன் நீதிமன்றத்துக்கு ஆகாது. நீங்களே தண்ணீர் ஊற்றினீர்கள் என்பார்கள். அதை உங்கள் சொந்தச் செலவில் ஒரு நல்ல ஆய்வகத்தில் கொடுத்து, கிருமியை அடக்கும் அமிலம் லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அறிக்கை உங்கள் கண்ணுக்கு மட்டும். திறந்த கேனில் அமிலம் கொஞ்சம் ஆவியாகியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். லேபிளில் உள்ளது உள்ளபடியே இருக்கிறது என்று வந்தால், ஆணையத்தின் படியை மிதிக்காமலே திரும்பிவிடலாம்.

மீதமிருக்கும் தீவனத்தைச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் கிடந்த மூட்டையில் கிருமி இருந்தால் எலி கொண்டுவந்தது என்பார்கள்; இல்லையென்றால் மருந்து வேலை செய்திருக்கிறது என்பார்கள். காசை வீணாக்காதீர்கள்.

சரி, திரவம் நீர்த்துப்போனதுதான் என்றே வைத்துக்கொள்வோம். கோழிகள் அதனால்தான் செத்தன என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துக் கல்லீரல் வெண்கல நிறத்தில் இருந்தது, சால்மோனெல்லாக் காய்ச்சல் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாயால் சொன்னதுதானே? எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்கியிருந்தாலும் அது கோழிக்கு என்ன நோய் என்று சொல்லும், நோய் எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. அந்தக் கிருமி தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரக்கூடியது. எந்தப் பொரிப்பகத்துக் குஞ்சு, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினீர்கள், எலி உண்டா, கருவாடு மணலில் காயும்போது காக்கை கொத்துமா என்று குறுக்கு விசாரணை ஒரு முழு மதியம் ஓடும். தீவனத்தில் தெளிக்கும் அமிலம் தீவனத்தில் இருக்கும் கிருமியைத்தான் அடக்கும். ஏற்கெனவே நோய் கண்ட கோழியை அது குணப்படுத்தாது.

இதைவிட மோசமானது உங்கள் குரல் பதிவு. "நீங்க சொன்னதைவிட டபுளா ஊத்தியும் சாகுதே" என்று கோபத்தில் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு (பொருளின் குறையால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது) நிற்காது என்று அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவு அவருடைய போனில் பத்திரமாக இருக்கும். நீங்கள் அழித்துப் பயனில்லை, அழிக்கவும் கூடாது. இனி ஒரு குரல் பதிவும் அனுப்பாமல் இருந்தாலே போதும்.

சட்டம் இல்லையா, கேட்பார் இல்லையா என்ற பகுதிக்கு வருகிறேன். அமெரிக்க விதியில், தீவனத்தைச் சால்மோனெல்லா இல்லாமல் 21 நாள் வரை காக்க, டன்னுக்கு 2.5 கிலோ என்ற கணக்கில் ஃபார்மால்டிஹைடு கரைசல் (ஃபார்மலின்) சேர்க்க அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதே பொருளுக்கு அனுமதி மறுத்தது. கையாளும் தொழிலாளிக்கு ஆபத்து என்பது காரணம். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, "உணவு" என்பதற்கான விளக்கத்திலிருந்தே கால்நடைத் தீவனத்தை விலக்கியிருக்கிறது. கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374 என்ற தரநிலை இருக்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் 900 கோழிகளுக்குப் பதில் சொல்லாது. திரவத்தில் ஃபார்மலின் கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறீர்கள். அதைத் தயவுசெய்து எழுத்தில் வைக்காதீர்கள். கிருமியைக் கொல்வதற்கென்றே அமெரிக்காவில் அனுமதித்த பொருள் உள்ளே இருந்தது என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, மருந்து கிருமியைக் கொல்லவில்லை என்று அடுத்த பத்தியில் சொல்ல முடியாது.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழி சாகும்போதும் முட்டை விற்பனை நிற்கவில்லை என்று, உங்கள் நேர்மையைக் காட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். தீவனம் உணவல்ல என்றேன், முட்டை உணவு. உங்கள் கையில் இருக்கும்வரை விவசாயி என்ற விலக்கைப் பேசலாம். கடைக்குப் போன முட்டைக்கு அது கிடையாது. அதிகாரி கிளம்பி வந்தால் ஏஜென்டின் கிடங்குக்குப் போக மாட்டார்; உங்களிடம் வாங்கும் கடையில் முட்டையைத்தான் எடுப்பார். அந்த மனுவைத் துரத்திக்கொண்டு அலையாதீர்கள்.

இப்போது காசோலை. கடிதத்தில் இதற்கு நீங்கள் கொடுத்த இடம் அரைப் பக்கம். நான் தூங்காமல் இருக்க வேண்டியிருந்தால் இதற்காகத்தான் இருப்பேன்.

வங்கிக்கு எழுதி நிறுத்திவிட்டால் செக் வழக்கு வராது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? நிறுத்தினாலும், காசோலை பணமில்லாமல் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பாயும். வெற்றுக் காசோலைதானே கொடுத்தேன், அவர்தானே நிரப்பினார் என்பதும் நிற்காது. தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் கடன் இருக்கிறது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தபாலை வாங்க மறுத்தது எல்லாவற்றிலும் மோசம். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை மறுத்தால், அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். நீங்கள் மறுத்த நாளிலிருந்து பதினைந்து நாள் ஓடத் தொடங்கிவிட்டது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. எந்தத் தேதி மறுத்தீர்கள் என்று இன்றே அஞ்சலகத்தில் கேளுங்கள். அந்தக் கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம்.

அந்த வழக்கு கடலூரில் நடக்காது. 2015 திருத்தத்துக்குப் பின், பணம் பெறுபவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குள்தான் வழக்கு. நீங்கள் அனுப்பியிருக்கும் கணக்குச் சீட்டின்படி அது புதுச்சேரி. நுகர்வோர் புகாரை நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்டத்தில் கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் அங்கே நீங்கள் புகார்தாரர், புதுச்சேரியில் குற்றம் சாட்டப்பட்டவர். இரண்டும் ஒன்றையொன்று நிறுத்தாது. "நான்தான் முதலில் புகார் கொடுத்தேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பண்ணையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று இரண்டு வாய்தா தவறுவார்கள், பிடிவாரண்ட் வரும், அதைத் திரும்பப் பெற ஒரு நாள், ஜாமீன்தாரரைத் தேட ஒரு நாள் என்று போகும். வழக்கு முடியும் முன்பே காசோலைத் தொகையில் இருபது சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். தோற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

தோற்பீர்களா? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும். ஏனென்றால் 1,40,000-இல் 1,02,000 சோயாவுக்கானது. சோயாவில் ஒரு குறையும் சொல்லவில்லை. உங்கள் கோழிகள் அதைத் தின்று முட்டையிட்டிருக்கின்றன. திரவம் உபயோகமில்லை என்றால் அதன் விலையான 38,000-ஐக் கழிக்கச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வழி உண்டு. அதைக் காட்டிச் சோயா பணத்தையும் பிடித்து வைக்க வழி இல்லை.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. செத்த கோழிக் கணக்குக்கு இடையில், பொங்கலுக்கு முன் போன் வழியாக 15,000 அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். காசோலை வங்கிக்குப் போனது அதற்குப் பிறகு என்றால், ஏற்கெனவே வந்த பணத்தையும் பாக்கியாகச் சேர்த்து நிரப்பியிருக்கிறார். பகுதித் தொகை கொடுத்த பிறகு அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 15,000 இந்தக் கணக்கில்தான் வரவு என்பதற்கு ஆதாரம் வேண்டும். வேறு பாக்கிக்கு என்று அவர் சொல்லிவிடுவார். வங்கி அறிக்கையை எடுத்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள்.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். பொரிப்பகமும் எலியும் டபுள் டோஸும் இருக்கும்போது அந்தத் தொகையை எந்த ஆணையமும் தராது. ஆனால் கம்பெனி ஆள் ஒரு பழைய கேனுக்காகக் குறிஞ்சிப்பாடி வரை வருகிறார் என்றால், அது உங்களிடம் இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். பேரத்தில் உங்கள் கையிருப்பு அந்தக் கேனும் அந்த 15,000-மும்தான். பதினைந்து நாளுக்குள் பதில் நோட்டீஸ் போக வேண்டும்: சோயா பாக்கியை மறுக்காமல், திரவத்தின் விலையை மறுத்து, கொடுத்த பணத்தைக் குறிப்பிட்டு, முத்திரையிட்ட கேன் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லி. உற்பத்தியாளருக்கும் நகல் அனுப்ப வேண்டும். உங்களிடம் இருக்கும் "எஸ்டிமேட்" சீட்டில் பேட்ச் எண் இல்லை என்பதால், முறையான பில் கேட்டும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

திரவத்தின் 38,000 தள்ளுபடி, 15,000 வரவு, மீதி 87,000-ஐ நான்கு தவணையில் கட்டுவது என்று தொடங்குங்கள். கொஞ்சம் சாமர்த்தியமாகப் பேசினால் எழுபதில் முடியும். அவர் எண்பது என்று நின்றாலும் நானாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். கடைசித் தவணைக்கு முன் நிரப்பிய காசோலை, நிரப்பாத காசோலை இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். இரண்டாவதைத் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை என்றால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு, இனி அது செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கேனை அதற்கப்புறம் கொடுங்கள்.