முல்லைத்தீவுக்கு எங்கே வள்ளம் ஏறுவது?

கேள்வி: எனக்கு வயது 68, மனைவிக்கு 65. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். தினமும் விடிய ஐந்து கிலோமீற்றர் நடக்கிற சுறுசுறுப்பான வயோதிபர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஏதாவது ஒரு தீவுக்குப் போய்வர விருப்பம். ரொறன்ரோவில் இருக்கும் மகன், மாலைத்தீவுக்கு ரிக்கற் போட்டுத் தருகிறேன் என்கிறான். உங்கள் ஆலோசனை என்ன?
(ஓர் ஆசிரியத் தம்பதி, முள்ளியவளை, முல்லைத்தீவு)

பதில்: மாஸ்டர், கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கமுன் உங்கள் விலாசத்தை ஒருதரம் வாசித்தீர்களா? முல்லைத்தீவில் இருந்துகொண்டு, தீவுக்குப் போக வழி கேட்கிறீர்கள்!

சென்னையில் இருந்து ஓர் எழுத்தாள நண்பர் முதன்முறை வன்னிக்கு வந்தபோது, “முல்லைத்தீவுக்கு எங்கே வள்ளம் ஏறுவது?” என்று கேட்டார். “பரந்தன் சந்தியில்” என்றேன். குறித்துக்கொண்டார். “கடல் பழக்கமில்லை, வாந்தி வருமா?” என்றார். “ரோட்டைப் பொறுத்தது” என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். மறுநாள் பஸ்ஸில் ஏறி, விசுவமடு தாண்டி, புதுக்குடியிருப்பும் தாண்டிய பிறகுதான் மனிதருக்குச் சந்தேகம் வந்ததாம். இன்றைக்கும் என்னோடு கதைப்பது குறைவு.

முல்லைத்தீவு பெயரில் மட்டும்தான் தீவு, மற்றப்படி தரைதான். இதை எழுதியதும் என் பழைய எதிரி, வவுனியா வாசகர், பேனையைத் தூக்குவார். நந்திக்கடல் ஒரு பக்கம், பெருங்கடல் ஒரு பக்கம், நாயாறு இன்னொரு பக்கம், மாரிமழை கொட்டினால் அது தீவுதானே என்பது அவருடைய வழக்கு. பத்து வருசமாக நடக்கிறது. மாரியில் தீவாகி கோடையில் தரையாகிற இடத்தைத் தீவென்றால், கார்த்திகை மாதத்தில் என் வீட்டு முற்றமும் தீவுதான்.

சரி, மாலைத்தீவு. அங்கே தீவுகள் ஆயிரத்துக்கு மேல். அந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடு இரண்டரை மீற்றர்கூட இல்லை. எங்கள் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால், மாலைத்தீவுக்காரர் ஒருவரும் தன் மண்ணில் ஏறியிராத உயரத்தில் நிற்பீர்கள். பெரும்பாலான தீவுகள் ஒரு சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. விடிய நடக்கிற அந்த ஐந்து கிலோமீற்றரை அங்கே நடப்பதென்றால் செக்குமாடு மாதிரிச் சுற்றவேண்டும். கதிரையில் சாய்ந்து கடலைப் பார்க்கிறவர்களுக்கு அது சொர்க்கம். உங்கள் மகன் உங்களைக் கதிரையில் இருத்தத்தான் பார்க்கிறான், பாவம், பாசத்தில். நடக்கிறவருக்குப் பரந்த தீவு வேண்டும்.

நெடுந்தீவுக்குப் போங்கள். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து ஒரு மணித்தியாலக் கடல். அந்தக் கடலில் குமுதினிப் படகில் போன சனம் வெட்டிக் கொல்லப்பட்ட 1985 மே 15 உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இறங்கியதும் துறையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள்.

பவளக் கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் வளவுக்கு வளவு ஓடும். கிட்டப் போய்ப் பாருங்கள், சில கல்லில் பழைய பவளத்தின் வரிகள் கைரேகை மாதிரித் தெரியும். ஆனால் காலையில் போய்ப் பின்னேரம் ஓடிவருகிற வேலை வேண்டாம். வந்த கூட்டம் கடைசி வள்ளத்தில் போன பிறகு, மம்மல் பொழுதில், வெளியில் மட்டக்குதிரைகள் மேய்வதைப் பார்க்கவேண்டும். ஒரு வீட்டிலோ விடுதியிலோ இரண்டு இரவு தங்குங்கள்.

அந்தத் தீவுக்கு அரச காகிதங்களில் இன்னும் ‘டெல்ஃப்ற்’ என்றுதான் பெயர். எனக்கு வயிறு எரிகிற விசயம் இது. ஒல்லாந்தன் ஊர் நினைவு வந்து எங்கள் தீவுகளுக்கெல்லாம் தன் ஊர்ப் பெயரைச் சூட்டினான். காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், ஆம்ஸ்ரடாம். அனலைதீவு றொட்டடாம். நயினாதீவு ஹார்லெம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். எழுவைதீவு ஹூர்ன். இலங்கையின் வடிவம் அவன் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. அதனால் காரைநகருக்குப் பக்கத்துக் கடற்கோட்டைக்கு ‘ஹம்மன்ஹீல்’, அதாவது பன்றித்தொடையின் குதி. பசியோடு வரைபடம் பார்த்திருக்கிறான். ஆறு பெயரைச் சனம் கழுவிவிட்டது, நெடுந்தீவின் பெயர் மட்டும் கறையாக நிற்கிறது. உங்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நாலு நாளில் ஆம்ஸ்ரடாம், றொட்டடாம் எல்லாம் பார்த்துவிட்டோம் என்று மகனுக்கு ஒரு செய்தி போடுங்கள். அவன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கட்டும்.

வன்னிக்கென்றும் சொந்தமாக ஒரு தீவு இருக்கிறது, இரணைதீவு. பெயருக்கேற்றபடி இரட்டை. முழங்காவில் பக்கத்துக் கரையில் இருந்து வள்ளம். 1992இல் அந்தச் சனம் வெளியேற்றப்பட்டது. அனுமதி வரும் வருமென்று களைத்துப்போய், 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் போய் இறங்கினார்கள். 2021இல் கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்க அந்த மண்ணைத் தெரிவுசெய்தபோதும் எழும்பி நின்றார்கள். அங்கே சுற்றுலா என்று போகாதீர்கள். தெரிந்த வீடு கூப்பிட்டால் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

ரீச்சருக்குக் கடல் ஒத்துவராது என்றால் மன்னார். அதுவும் தீவுதான், பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் அடி சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், இருவரும் கைகோத்தாலும் எட்டாது, அண்டை அயலையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மாசிக்குள் போனால் வங்காலைப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம். கழுதைகள் எந்த மாதமும் உண்டு. நகர வீதியில் அவை நடக்கிற நடையைப் பார்த்தால் ‘சுறுசுறுப்பான வயோதிபர்’ என்ற உங்கள் சொல்தான் எனக்கு ஞாபகம் வரும். கோபிக்கவேண்டாம், நானும் அந்த மந்தைதான்.

மாசி, பங்குனி, சித்திரையில் போய்விடுங்கள். கடல் குளமாகக் கிடக்கும். கச்சான் காற்று எழும்பினால் வள்ளம் எப்போது நிற்கும் என்று ஒருவராலும் சொல்ல ஏலாது, தின்கிற கச்சானோடு துறையில் குந்தியிருக்க வேண்டியதுதான். பிரஷர், சலரோகக் குளிசைகளை நாலு நாளுக்கென்று எண்ணாமல் ஒரு கிழமைக்குக் கட்டுங்கள். பையைத் தோளில் மாட்டுங்கள், கை இரண்டும் சும்மா இருக்கவேண்டும். ஏனென்றால் உங்கள் ஐந்து கிலோமீற்றர் நடை, துறையில் நிற்கும்போது ஒன்றுக்கும் உதவாது. வள்ளம் ஓர் அடி ஏறும், ஓர் அடி இறங்கும். ஏறுகிற கணத்தைப் பார்த்துக் காலை வைக்கவேண்டும். அந்தக் கணத்தில் முழங்கால்தான் முடிவெடுக்கும்.

நான்கு வருசத்துக்கு முன் குறிகட்டுவானில் என் மனைவி சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி உள்ளே இறங்கிவிட்டா. நான் கரையில் நின்று கடலைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வள்ளத்துப் பொடியன் கையை நீட்டி, “அப்பு, கையைத் தாங்கோ” என்றான். எனக்கு வயது அப்போது 61. அப்புவா! பின்னால் யாராவது கிழவர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கையைக் கொடுக்காமல் பாய்ந்தேன்.

மாஸ்டர், நீங்கள் கையைக் கொடுத்துவிடுங்கள். என் இடதுகால் செருப்பு இன்னும் அந்தத் துறையடியில்தான் கிடக்கிறது.