முறை நாளில் வகுப்புக்குள் அம்மாவும் அப்பாவும்

பெற்றோரே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு மழலையர் பள்ளிகளைப் பற்றி அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: வீட்டருகே உள்ள கூட்டுறவு மழலையர் பள்ளியில் கட்டணம் குறைவு. ஆனால் பெற்றோர் முறை வைத்து வகுப்பில் வேலை செய்ய வேண்டுமாம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். சரிப்பட்டு வருமா?
— ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 16 பிள்ளைகள், நாளுக்கு இரண்டு பெற்றோர் என்றால் 8 வகுப்பு நாளுக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். வாரம் மூன்று நாள் வகுப்பு நடந்தால் அது மூன்று வாரத்துக்குள் ஒரு தடவை. இரண்டரை மணி நேர வகுப்பு. முன்னால் 15 நிமிடம், பின்னால் கழுவித் துடைக்க அரை மணி. ஆக மூன்றேகால் மணி நேரம். இருவரும் மாறி மாறிப் போனால் ஆளுக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு அரைநாள் விடுப்புதான்.

பலர் திணறுவது இதில் அல்ல. மாதக் கூட்டம், சனிக்கிழமை சுத்தம் செய்யும் வேலை, நிதி திரட்டும் விற்பனை, இவை போக பொருளாளர், கொள்முதல் என்று வீட்டுக்கு ஒரு பொறுப்பு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுபவர்தான் உறுப்பினர். இங்கே பிள்ளையைச் சேர்ப்பவர்தான் உறுப்பினர். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும், வாடகை கட்டுவதும், கட்டணத்தை நிர்ணயிப்பதும் நீங்களே. உதவி ஆசிரியருக்குப் போக வேண்டிய சம்பளத்தை உங்கள் நேரம் ஈடுகட்டுவதால்தான் கட்டணம் குறைகிறது. 1916-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் சிலர் தொடங்கிய பள்ளியிலிருந்து இந்த ஏற்பாடு இப்படித்தான்.

கையெழுத்துப் போடுமுன் நான்கு விஷயங்கள் கேளுங்கள். முறை நாளில் வர முடியாவிட்டால் மாற்று ஆளைத் தேடுவது யார் பொறுப்பு? அபராதம் எவ்வளவு? பணம் கட்டி முறையிலிருந்து விலக்குப் பெற முடியுமா? தாத்தா பாட்டி வரலாமா? வகுப்பில் நிற்கும் எவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பும் (குற்றப் பதிவு உண்டா என்று பார்ப்பது) தடுப்பூசிச் சான்றும் கேட்பது வழக்கம். சில இடங்களில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். கோடை விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. அங்கே படிப்பிக்கிறதே இல்லை. மரக்கட்டை, மணல், தண்ணீர், பிசைந்து விளையாடும் மாவு. வருகிற வருடம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுத்து எப்போது பழகுவான்?
— ஒரு தாய், ஸ்கார்பரோ

பதில்: அந்த மரக்கட்டையைக் கையில் எடுத்து அளந்து பாருங்கள். நியூயார்க்கில் பள்ளி நடத்திய கரோலின் பிராட் நூறாண்டுக்கு முன் வடிவமைத்த அளவு அது: நீளம் 5½ அங்குலம், அகலம் 2¾, தடிமன் 1⅜. நீளம் அகலத்தின் இரண்டு மடங்கு. அகலம் தடிமனின் இரண்டு மடங்கு. அதற்கு மேல் இரட்டைக் கட்டை, நாற்கட்டை. பாலம் கட்டுகிற பிள்ளைக்கு நீளக் கட்டை தீர்ந்துபோகிறது. இரண்டு சின்னக் கட்டைகளை முனையோடு முனை வைக்கிறான். நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் நடுவில் தாங்கல் இல்லாமல் விழுகிறது. அடியில் இன்னொரு கட்டையைச் செருகுகிறான். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பதும், பாரம் எங்கே இறங்குகிறது என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில் அவன் கைக்கு வந்துவிட்டன. நீளம் பொருந்தாத கலப்படக் கட்டைகளில் இது நடக்காது. தொலைந்த கட்டைக்குப் பதில் வேறு அளவில் வாங்கிப் போடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் முறைப் பெற்றோர் காரியத்தைக் கெடுப்பது. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு பார்க்கலாம்" என்றதும் பிள்ளை பாலத்தை விட்டுவிட்டுத் தேர்வுக்கு உட்கார்ந்துவிடும். கட்டை விழும்போது கை நீட்டிப் பிடிப்பதும் அதே தவறு. கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "பெரிய கட்டையைக் கீழே வைத்திருக்கிறாய்." பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழாவது எண்ணுக்குள் அவனே ஏதாவது சொல்வான். கேள்வி கேட்டே தீர வேண்டுமானால், "இது ஏன் நிற்கவில்லை?" என்று உங்களுக்கே விடை தெரியாததுபோல் கேளுங்கள்.

எழுத்தும் வருகிறது, வேலையோடு வேலையாக. வந்ததும் தன் பெயர் அட்டையைத் தேடி மாட்டுவது, மூன்று சக்கர வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதுவது, "உடைக்காதே" என்று பெரியவரிடம் எழுதி வாங்கிக் கோபுரத்தில் ஒட்டுவது. மாவு பிசைவதும் கத்தரி பிடிப்பதும் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான பயிற்சி.

எல்லா விளையாட்டும் கல்வியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் உங்கள் மகனைப் பற்றி எழுதிய குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். தேதியோடு, அவன் செய்ததும் சொன்னதும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் "நன்றாக விளையாடுகிறான்" என்று மட்டும் பதில் வந்தால் உங்கள் கவலை நியாயம்தான்.

கேள்வி: இங்கே பிளேசென்டரில் ஆசிரியரே கிடையாது, பெற்றோர்தான் எல்லாம் என்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. போனால் என்ன செய்வேன்?
— ஒரு தாய், ஆக்லாந்து

பதில்: தமிழில் பேசுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நியூசிலாந்தின் மழலையர் பாடத்திட்டமே அதை வரவேற்கிறது. 1996-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட அந்தப் பாடத்திட்டத்தின் பெயர் 'தே ஃபாரிக்கி'. அந்நாட்டுப் பழங்குடியினரின் மவோரி மொழியில் நெய்த பாய் என்று பொருள். குடும்பத்தின் மொழியும் பண்பாடும் அந்தப் பாயின் இழைகளாகவே கருதப்படுகின்றன. பிளேசென்டர்கள் 1941-இல் வெலிங்டனில் தொடங்கியவை. பெற்றோரே படிப்படியாகப் பயிற்சி வகுப்புகள் முடித்து நடத்துகிறார்கள். முதல் மாதத்துக்கு மணல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, பிசைமாவு மேசை என்று பேச்சு குறைவான இடங்களைக் கேட்டு வாங்குங்கள். ஊற்று, நிரம்பிவிட்டது, கொட்டிவிட்டது: செய்துகொண்டே சொல்லும் சொல் எந்த மொழியானாலும் பிள்ளைக்குப் புரியும்.

கேள்வி: மற்ற நாளெல்லாம் நல்ல பிள்ளை. என் முறை நாளில் மட்டும் மடியை விட்டு இறங்க மாட்டாள். வேறு பிள்ளை என்னிடம் வந்தால் தள்ளிவிடுகிறாள்.
— ஒரு தாய், டாலஸ்

பதில்: மிகவும் சகஜம். மூன்று வயதுக்கு அம்மா என்பது பங்கு போட முடியாத பொருள். முதல் நாள் மாலையே சொல்லிவையுங்கள்: "நாளைக்கு அம்மா எல்லோருக்கும் உதவி செய்வேன். சிற்றுண்டித் தட்டுகளை நீதான் வைக்கப் போகிறாய்." வேலை கொடுத்தால் பாதி குறையும். வகுப்பு தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் அவளுக்கே கொடுத்துவிட்டு உங்கள் இடத்துக்குப் போங்கள். தள்ளிவிட்டால் நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். அருகிலுள்ள இன்னொரு பெரியவர் வரட்டும். உங்கள் தீர்ப்பில் ஒன்று உங்கள் பிள்ளைக்கு அநியாயம் இருக்கும், அல்லது அடுத்தவர் பிள்ளைக்கு. சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் முறை எடுக்காமல் இருப்பது நல்லது. மூன்றாவது நான்காவது முறையிலும் மாறவில்லையென்றால் சிறிது காலம் அப்பா வரட்டும்.

கேள்வி: சிற்றுண்டி முறை வருகிறது. நம் வீட்டுப் பலகாரம் கொடுக்கலாமா?
— ஒரு பாட்டி, மிசிசாகா

பதில்: கொடுக்கலாம், ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்த பிறகு. வேர்க்கடலையை எல்லோரும் கவனிப்பார்கள். தவறவிடுவது வேறு: இட்லிப் பொடியில் எள், தாளிப்பில் கடுகு, கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு. கனடாவில் எள், கடுகு, கோதுமை மூன்றுமே முதன்மை ஒவ்வாமைப் பொருள்கள். அமெரிக்காவிலும் 2023 முதல் எள்ளைப் பொட்டலத்தில் குறிப்பிடுவது கட்டாயம். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தொண்டையில் சிக்கும் ஆபத்துக்கு முறுக்கு, சீடை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்காக வெட்டினால் மூச்சுக்குழாயை அடைக்கும் வட்ட வடிவம் அப்படியேதான் இருக்கும். தாளிக்காத மினி இட்லி, வாழைப்பழம், வெந்த சர்க்கரைவள்ளி நல்ல தேர்வுகள். உண்ணும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சானிடைசர் கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை நீக்காது.

கேள்வி: பிசைமாவு செய்து கொடுக்கும் பொறுப்பு எனக்கு. இரண்டு தடவையும் கையில் பசைபோல் ஒட்டியது.
— ஒரு தந்தை, எடிசன்

பதில்: வேகவில்லை. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் பயன்படும் புளிப்புத் தூள்) 4 டீஸ்பூன், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 கப். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, நிறம் சேர்த்து, பிறகு அடுப்பை மிதமாக எரிய விடுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவதுபோலத்தான்: பாத்திரத்தை விட்டு உருண்டு வந்து, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். நடுவில் பளபளப்பான ஈரத் திட்டு தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். சூடு ஆறும் முன் டப்பாவில் அடைத்தால் நீராவி வியர்த்து மறுபடி ஒட்டும். உப்பு மிகுதி, ஆகவே வாயில் போடும் பிள்ளைகளைக் கவனியுங்கள், வீட்டு நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். வகுப்பில் கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் இந்த மாவே வேண்டாம், அரிசி மாவில் செய்யுங்கள். கொஞ்சம் உதிரும், ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் சமாளிக்கலாம்.