ராமநாதபுரத்தில் திருமணம்: வெளியூர் விருந்தினர் எங்கே தங்குவது நல்லது?

சென்னையிலிருந்து முதியவர்களோடு வருவதால், கோயிலையும் தரிசிக்க வசதியாக ராமேஸ்வரத்திலேயே அறை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகூர்த்தம் காலையில் என்றால் அது வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதோடு, பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் பார்க்க நிறுத்தப்படும் வாகனங்களாலும் பயணம் நீளக்கூடும் என்பதால், ராமநாதபுரம் நகருக்குள் தங்குவதே பெரியவர்களுக்கு நிம்மதி. சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்கள் பெரும்பாலும் விடியுமுன்பே வந்துவிடுகின்றன. ஆகவே அறையை முந்தைய நாளிலிருந்தே பதிவு செய்யுங்கள்.

வழி கேட்கும்போது ‘மண்டபம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பாம்பனுக்கு முன்னால் அதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால், திருமண மகாலின் முழுப்பெயரையும் தெருவையும் சொல்வது அவசியம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய நாள்களில் ராமேஸ்வரம் செல்வோரால் ரயில்கள் நிரம்பிவிடும். முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகையிலேயே திரும்பும் பயணச்சீட்டையும் எடுத்துவிடுங்கள்.