ரேஸ் கோர்ஸ் விபத்து இழப்பீட்டுக் குழுவில் தொழிலாளி ஒருவர் இருந்தால் ஏதாவது மாறுமா?

நீங்கள் லாயத்தில் வேலை பார்ப்பவர், இல்லையென்றால் அங்கே வேலை பார்ப்பவரின் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

அப்படி ஒரு குழுவில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நான். எந்த ஊர், எந்த கிளப் என்று கேட்காதீர்கள். கிளப் தரப்பில் இரண்டு பேர், டிரெய்னர்கள் இரண்டு பேர், குதிரை ஓனர் ஒருவர், 'தொழிலாளர் பிரதிநிதி' நான். எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. குதிரைகளை ஓட்டிப் பழக்கும் ரைடிங் பாயாக இருந்தேன், பத்தாவது பாஸ், கையெழுத்து நன்றாக இருக்கும். எனக்கு வேலை கொடுத்த டிரெய்னர்தான் என் பெயரைக் கொடுத்தார். அவரும் அதே குழுவில் ஒருவர். புரிகிறதா?

2013-ல் ஒரு சைஸ் அண்ணனுக்குக் கையில் அடி. (சைஸ் என்றால் அளவு இல்லை. குதிரையைத் தேய்த்து, தீவனம் வைத்து, நடத்திக் கூட்டிப்போகிறவருக்கு அதுதான் பேர்.) விடிகாலையில் டிராக்கிலிருந்து திரும்பும்போது ஒரு இளங்குதிரை எதற்கோ மிரண்டு எகிறியது. கயிறு அவர் வலது கையில் சுற்றியிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மறுவாரமே வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் அதே குதிரைக்குக் கொள்ளு அள்ளிப் போட்டார்.

மீட்டிங் இருபது நிமிஷம். "கயித்தைக் கையில சுத்தாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றோம். அவன் தப்பு இது" என்றார் என் டிரெய்னர். ஆஸ்பத்திரிச் செலவும் பதினைந்தாயிரமும் கொடுப்பதென்று முடித்தார்கள். "சரிதானே தம்பி?" என்று என் பக்கம் நோட்டைத் தள்ளினார்கள். அந்தப் பக்கத்தில் என் அழகான கையெழுத்து இருக்கிறது.

மிரண்ட குதிரை கையை விட்டுப் போனால் ரோட்டுக்கு ஓடும், அதற்கு அடிபட்டால் சைஸ் வேலை போகும். அதனால்தான் கயிற்றைச் சுற்றுகிறோம். அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை.

"அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இன்றைக்கு நியாயம் பேசுகிறாயா" என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். எனக்கு அப்போது 22 வயது, தங்கச்சி கல்யாணம் பாக்கி, நான் தங்கியிருந்த ரூமே டிரெய்னர் கொடுத்தது.

அண்ணனை லேபர் ஆபீசுக்குப் போகச் சொன்னது வெளியாள், ஒரு சங்கக்காரர். அப்போது நடப்பில் இருந்த 1923-ம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. குடித்திருந்தார், வேண்டுமென்றே விதியை மீறினார் என்று காட்டினால்தான் உண்டு. அண்ணனுக்கு 40 வயது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு அப்போதைய உச்சவரம்பு 8,000. அதில் 60 சதவீதம், அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருந்த எண்ணான 184.17-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம்: 1,76,803 ரூபாய். குழு கொடுத்தது பதினைந்தாயிரம்! இரண்டு வருஷக் கெடுவுக்குள் மனு போட்டோம். கயிறு ஏன் சுற்றப்படுகிறது என்று அங்கே போய்ச் சாட்சி சொன்னேன். அந்த வாரமே ரூமைக் காலி செய்தேன்.

ஆக, நாற்காலி இருக்கிறதா என்பதை விட, உட்காருகிறவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று பாருங்கள். டெல்லியில், தொழிலாளர் காப்பீட்டை நடத்தும் ஈஎஸ்ஐ கார்ப்பரேஷனில் முதலாளிகள் பக்கம் 10 பேர், தொழிலாளர் பக்கம் 10 பேர் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் மெடிக்கல் போர்டில் டாக்டர்கள் மட்டும்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரேஸ் சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதைக் கிளப்காரர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். அதே கோர்ட் 2014-ல் பெங்களூர் டர்ஃப் கிளப் வழக்கில், ரேஸ் கிளப்புக்கும் ஈஎஸ்ஐ பொருந்தும் என்றது. அதை ஒருத்தர் வாயிலும் நான் கேட்டதில்லை. அந்தத் தீர்ப்பு வந்தும் எங்களுக்கு என்ன? நாங்கள் கிளப் ஆட்கள் இல்லை, டிரெய்னர் ஆட்கள். அப்போது ஒரு முதலாளியிடம் பத்துப் பேர் இருந்தால்தான் ஈஎஸ்ஐ பேச்சே வரும். என் டிரெய்னர் ரிஜிஸ்டரில் எந்த வருஷம் பார்த்தாலும் ஒன்பது பேர். பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த மூன்று வருஷமும் என் பெயர் அதில் இல்லை.