வாசகர் கேள்வி, அக்கா பதில்: ஜிஆர்இ கட்டுரைக்கு 30 நிமிஷம் பத்தல!

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலி, இன்ஜினியரிங் கடைசி வருஷம். ரெண்டு மாசத்துல, வெளிநாட்டுல மேல்படிப்பு சேர எழுதற ஜிஆர்இ பரீட்சை இருக்கு. மேத்ஸ் பயமில்ல, ரைட்டிங்க நினைச்சாதான் வயித்தக் கலக்குது. சீனியர் அண்ணா குடுத்த பழைய புக்ல ஒரு கருத்தப் பத்தி நம்ம நிலைப்பாட்ட சொல்ற இஷ்யூ, அடுத்தவர் வாதத்த அலசற ஆர்கியூமென்ட்னு ரெண்டு கட்டுரை இருக்கு, 30 நிமிஷத்துல ஒண்ணக்கூட முடிக்க முடியல. ஆரம்பமும் முடிவும் மனப்பாடம் பண்ணிட்டுப் போன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. போலாமா?

பதில்: முதல்ல அந்த புக்க மூடி வைம்மா. 2023 செப்டம்பர் 22-ல இருந்து ஆர்கியூமென்ட் கட்டுரையவே எடுத்துட்டாங்க. இப்ப இஷ்யூ ஒண்ணுதான், பரீட்சை தொடங்கினதும் முதல்ல வர்றதும் அதுதான். ஆனா நீ பழகினது வீணாப் போகாது, ஒருத்தர் சொல்ற வாதத்துல எதை சொல்லாமலே நம்பிட்டு பேசறாருன்னு கண்டுபிடிக்கிற அந்தப் பழக்கம், இங்கிலீஷ் படிச்சு பதில் சொல்ற வெர்பல் பகுதியிலயும் உதவும், இஷ்யூவுக்கு உயிரே அதுதான்.

ஒரு தலைப்ப எடுத்துக்குவோம். ஒரு சமூகத்தோட முக்கியமான குணங்கள புரிஞ்சுக்கணும்னா அதோட பெரிய நகரங்களப் படிக்கணும், இது ஜிஆர்இ நடத்துற ஈடிஎஸ் நிறுவனத்தோட வெப்சைட்ல இருக்கிற தலைப்பு லிஸ்ட்ல ஒண்ணு. படிச்ச உடனே டைப் பண்ண ஆரம்பிச்சிடாத, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. அஞ்சு நிமிஷம் அந்த வாக்கியத்தையே தோண்டு. பெரிய நகரத்துல இருக்கறது அந்தச் சமூகம் முழுக்க இருக்கும்னு அது நம்புது, சரியா? சென்னைய மட்டும் பார்க்கிறவனுக்கு ஐடி வேலை, வாடகை, வெளியூர்ல இருந்து வந்து தங்கி உழைக்கிறவங்க எல்லாம் தெரியும், ஆனா உன் தாமிரபரணிக் கரையில வாய்க்கால் தண்ணிய எந்த வயலுக்கு முதல்ல விடறதுன்னு ஊரே கூடிப் பேசறது தெரியுமா? அதனால, மாற்றம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க நகரம் போதும், பழக்கம் எங்க வேர் விட்டிருக்குன்னு பார்க்க போதாது, இதுதான் உன் நிலைப்பாடு. இப்ப ரெண்டு பாராவுக்கு விஷயம் கிடைச்சிடுச்சு பாரு. தலைப்புக்குக் கீழ இருக்கிற குறிப்பையும் விட்டுடாத, எதிர்க்கருத்துக்கு பதில் சொல்லுன்னு கேட்டிருந்தா அதை சொல்லியே ஆகணும்.

மனப்பாடம் வேணவே வேணாம். அடுத்தவங்க எழுதினதோட அதிகமா ஒத்துப்போச்சுன்னா ஸ்கோரையே கேன்சல் பண்ண ஈடிஎஸ்ஸுக்கு உரிமை இருக்கு. அதுக்கும் மேல, கடன் வாங்கின ஆரம்பத்துக்கும் உன் சொந்த யோசனைக்கும் ஒட்டவே ஒட்டாது, என்கிட்ட கட்டுரை காட்டுற பிள்ளைங்க எழுத்துல அந்தத் தையல் எனக்கே தெரியுது.

பரீட்சையில கட்டுரைய டைப் பண்ற பாக்ஸ்ல ஸ்பெல்லிங் திருத்தம் கிடையாது, கட், பேஸ்ட் மாதிரி சாதாரண விஷயம் மட்டும்தான், அதனால வீட்ல வெறும் நோட்பேட்ல, கம்ப்யூட்டர் கீபோர்டுல எழுதிப் பழகு, போன்ல வேணாம். அஞ்சு நிமிஷம் யோசனை, இருபது எழுத்து, அஞ்சு திருத்தம். ஒண்ணு ரெண்டு எழுத்துப் பிழைக்கு பயப்படாத, 0-ல இருந்து 6 வரைக்கும் போடற அந்த மார்க்குல யோசனையோட ஒழுங்குக்குத்தான் எடை அதிகம்.

முதல் வாரம் டைமர் வைக்காம வாரத்துக்கு மூணு கட்டுரை எழுது, அப்புறம் 40 நிமிஷம், அப்புறம் 30. எழுதினத மறுநாள் காலையில வாய்விட்டுப் படி, எந்த இடத்துல மூச்சு முட்டுதோ அந்த வாக்கியத்த ரெண்டா உடை.