2009–2013இல் பிட்காயின் மைன் செய்தவர்கள் நிஜமாக என்ன செய்தார்கள்? அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டிருந்தாலே இன்று கோடீஸ்வரர்தானா?

மைன் செய்வது, அதாவது கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் புதிய காயின் சம்பாதிப்பது, சுலபமாகத்தான் இருந்தது. முதல் ஒன்றரை வருடம் அதற்குத் தொழில்நுட்ப அறிவே தேவைப்படவில்லை. கஷ்டம் வேறு இரண்டு இடங்களில் இருந்தது: கிடைத்த காயினைத் தொலைக்காமல் வைத்திருப்பது, அதைப் பணமாக்கும்போது ஏமாறாமல் இருப்பது. "அப்போதே ஓடவிட்டிருந்தால்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

2009 ஜனவரியில் மென்பொருள் வெளியானபோது டிஃபிகல்ட்டி 1. விடை கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லும் எண் இது, மைன் செய்யும் வேகம் கூடினால் இதுவும் ஏறும். டிஃபிகல்ட்டி 1 என்றால் சராசரியாக 429 கோடி ஹேஷ் (விடைக்கான ஒரு முயற்சி) போட்டால் ஒரு பிளாக் (பரிவர்த்தனைப் பதிவேட்டின் ஒரு பக்கம்) கிடைக்கும். விநாடிக்கு 20 லட்சம் ஹேஷ் போடும் சாதாரண பிராசஸருக்கு இது சராசரியாக 36 நிமிட வேலை. பிளாக்குக்கு 50 காயின். மெனுவில் ஒரு டிக் போட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த வருடம் டிசம்பர் கடைசிவரை டிஃபிகல்ட்டி 1ஐ விட்டு நகரவில்லை என்பதிலிருந்தே எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஊகிக்கலாம்: உலகம் முழுவதும் சேர்த்து சராசரியாக விநாடிக்கு 70 லட்சம் ஹேஷ் சொச்சம்கூடத் தேறவில்லை. கிடைத்த 50ஐ உடனே செலவழிக்கவும் முடியாது. மேலே 100 பிளாக் ஏற வேண்டும். அந்தக் கால மென்பொருள் இன்னும் ஜாக்கிரதையாக 120 வரை காத்திருக்கும்.

செலவழிக்க இடமும் இல்லை. 2009 அக்டோபரில் நியூ லிபர்ட்டி ஸ்டாண்டர்ட் என்ற தளம் முதல் விலையை அறிவித்தது: ஒரு டாலருக்கு 1,309.03 காயின். மைன் செய்ய ஆகும் கரண்ட் செலவை வைத்துப் போட்ட கணக்கு அது. அதே மாதம் பிட்காயினின் ஆரம்பகால டெவலப்பர் மார்ட்டி மால்மி 5,050 காயினை 5.02 டாலருக்கு விற்றார். 10,000 காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கிய கதை 2010 மே மாதம். அடுத்த மாதம் இன்னொரு டெவலப்பர் கேவின் ஆண்ட்ரசன் ஒரு தளம் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலைக்கு 5 காயின் இலவசமாகக் கொடுத்தார். இப்படிப்பட்ட பொருளை யார் பேக்அப் எடுத்து வைப்பார்கள்? ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்தவர்களை முட்டாள்கள் என்று சிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2010 ஜூலையில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் செய்தி வந்ததும் கூட்டம் சேர்ந்தது. ஒரே தாவலில் டிஃபிகல்ட்டி 45இலிருந்து 181க்குப் போனது. ஒரு முறைக்கு 4 மடங்குக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பில் போய் இடித்து நின்ற ஏற்றம் அது. பிராசஸர் காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். கிராபிக்ஸ் கார்டு வந்தது.

இங்கேதான் நிஜமான கைவேலை. முதலில் எந்தக் கார்டு? கேமுக்கு என்விடியா, மைனிங்குக்கு ஏடிஐ ரேடியான் என்பது அப்போது எழுதப்படாத சட்டம். ரேடியான் 5870 விநாடிக்கு 400 மெகாஹேஷ் (40 கோடி ஹேஷ்) போடும். அதைவிட விலை அதிகமான என்விடியா ஜிடிஎக்ஸ் 580 சுமார் 140தான். பிட்காயினின் ஹேஷ் கணக்கான ஷா-256இல் 32 பிட் எண்ணைச் சுழற்றும் வேலை திரும்பத் திரும்ப வரும். ரேடியானில் அதற்கு ஒற்றைக் கட்டளை உண்டு. அன்றைய என்விடியாவில் இரண்டு நகர்த்தல், ஒரு கூட்டல் என்று மூன்று படி. போதாததற்கு ரேடியானில் கணக்குப் போடும் யூனிட்டுகளும் அதிகம்.

இந்தக் கணக்குக்கு மெமரி தேவையே இல்லை. அதனால் 5870இன் மெமரி கிளாக்கை 1,200 மெகாஹெர்ட்ஸிலிருந்து 300க்கு இறக்கிவிட்டு, 850இல் ஓடும் கோர் கிளாக்கை 900க்கு மேல் ஏற்றுவார்கள். சூடு குறையும், கரண்ட் குறையும், ஹேஷ் கூடும். மூன்றும் ஒரே திசையில் வருவது அபூர்வம். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் சிப்புக்கு முன்னால் ஃபேன் பேரிங்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரும்தான் போகும்.

விண்டோஸில் இன்னொரு தொல்லை. மானிட்டர் மாட்டாத கார்டை அது தூங்க வைத்துவிடும். தீர்வு, டம்மி பிளக். டிவிஐ–விஜிஏ அடாப்டர் ஒன்றும் 68 ஓம் ரெசிஸ்டர் மூன்றும் போதும். விஜிஏ பக்கம் 1க்கும் 6க்கும் ஒன்று, 2க்கும் 7க்கும் ஒன்று, 3க்கும் 8க்கும் ஒன்று என்று சொருகினால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சிக்னலுக்கும் மறுமுனையில் மானிட்டர் இருப்பதாகக் கார்டு நம்பிவிடும்.

நாலு கார்டு போடும் ஆசையில் பலர் மதர்போர்டையே எரித்தார்கள். ஒரு கார்டு தன் பவர் கேபிள் போக, ஸ்லாட் வழியாகவும் 75 வாட் வரை இழுக்கலாம். நாலு கார்டுக்கு 300 வாட். அதில் பெரும்பகுதி மதர்போர்டின் 24 பின் கனெக்டரில் இருக்கும் இரண்டே இரண்டு மஞ்சள் ஒயர் வழியாக வர வேண்டும். சில வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு பிளாஸ்டிக் உருகும். அதனால்தான் பவர் சப்ளையிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் மோலெக்ஸ் இணைப்பு உள்ள ரைசர் கேபிள் (கார்டைத் தள்ளி வைத்து ஸ்லாட்டோடு இணைப்பது) வாங்கச் சொன்னார்கள். கார்டுகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் வேண்டும் என்பதால் கேபினட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் பால் கிரேட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். படங்களில் அசிங்கமாகத் தெரியும் அந்த அமைப்பு, காற்றோட்டத்தில் நல்ல கேபினட்டைத் தோற்கடிக்கும்.

டிஃபிகல்ட்டி ஏற ஏற, தனியாளாக ஒரு பிளாக் கிடைக்க மாதக்கணக்கு ஆனது. பலர் சேர்ந்து மைன் செய்து பங்கு பிரிக்கும் பூல் தேவைப்பட்டது இதனால்தான். 2010 டிசம்பரில் ஸ்லஷ் பூல் முதல் பிளாக்கை எடுத்தது. டிஃபிகல்ட்டி 1 அளவுக்கு ஒரு விடை கண்டுபிடித்து அனுப்பினால் அது ஒரு ஷேர். பிளாக் கிடைத்ததும் ஷேர் கணக்கில் பங்கு. ஆனால் வெறும் விகிதப்படி பிரித்தால் அதில் ஓட்டை இருக்கிறது. ஒரு பிளாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவிலான சுற்றின் ஆரம்பத்தில் போடும் ஷேருக்கு மதிப்பு அதிகம், சுற்று இழுக்க இழுக்கக் குறைவு. டிஃபிகல்ட்டி எண்ணில் 43.5 சதவீத அளவு ஷேர் சேர்ந்ததும் அடுத்த பூலுக்குத் தாவினால் லாபம் என்று கணக்கே போட்டுக் காட்டினார்கள். தாவுகிறவன் லாபம், உட்கார்ந்திருப்பவன் நஷ்டம். இதைத் தடுக்கவே ஸ்லஷ் பூல், புதிய ஷேருக்கு அதிக மதிப்புத் தரும் ஸ்கோர் முறைக்கு மாறியது. டீப்பிட் பூல் ஷேருக்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுத்துவிட்டு 10 சதவீதம் கட்டணம் எடுத்தது. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் சுமந்ததற்கு அது விலை. 2011 நடுவில் அந்த ஒரே பூல் மொத்த நெட்வொர்க்கில் பாதியை நெருங்கியது. பாதிக்கு மேல் ஒரே கையில் போனால் பதிவேட்டையே புரட்டலாம் என்பதால், அப்போது இருந்தவர்களுக்கு விலை சரிவைவிட இதுதான் பெரிய பயம்.

லாபம் என்ன? 2011 ஜூனில் விலை 32 டாலரைத் தொட்டது. நவம்பரில் 2 டாலர் அளவுக்கு விழுந்தது. அப்போது டிஃபிகல்ட்டி சுமார் 12 லட்சம். 400 மெகாஹேஷ் கார்டு ஒன்றுக்கு நாளைக்கு 0.33 காயின், அதாவது 66 சென்ட். ஒற்றைக் கார்டு மெஷின் மொத்தமாக 300 வாட் எடுத்தால் நாளைக்கு 7.2 யூனிட், யூனிட் 10 சென்ட் என்றாலும் 72 சென்ட். தினமும் நஷ்டம். கார்டு விலை தனி. "2011இல் மைன் செய்திருக்கலாமே" என்பவர்கள் இந்த நவம்பரைப் பார்க்க வேண்டும். நிறைய பேர் கார்டையும் காயினையும் சேர்த்தே விற்றுவிட்டு வெளியேறிய மாதம் அது. கார்டை ஓட்டாமல் அதே கரண்ட் காசுக்குக் காயினை நேராக வாங்கியிருந்தால் இன்னும் அதிகமாகவே கிடைத்திருக்கும்.

அடுத்தது வாலட். அன்று காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியக் கீக்கள் இருந்ததெல்லாம் வாலட்.டாட் (wallet.dat) என்ற ஒரே ஃபைலில். அதைக் காப்பி எடுத்து வைத்தால் பத்திரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதிதான் உண்மை. நீங்கள் 9,000 காயின் வைத்துக்கொண்டு 1 காயின் அனுப்பினால், மீதி 8,999 பழைய முகவரிக்குத் திரும்பாது. மென்பொருள் புதிதாக எடுத்துக்கொள்ளும் சில்லறை முகவரிக்குப் போகும். அந்தப் புதிய கீ உங்கள் பழைய பேக்அப்பில் இல்லை என்றால் கதை முடிந்தது. 2010 ஆகஸ்டில் ஒருவர் இதே தொகையை இப்படித்தான் இழந்தார்: அணைத்தால் எதுவும் மிஞ்சாத லைவ் சிடியில் ஓட்டினார், பேக்அப் எடுத்த பிறகு தனக்கே 1 காயின் அனுப்பிப் பார்த்தார், கம்ப்யூட்டரை அணைத்தார். அதற்குப் பிறகு 100 கீ முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. அதாவது ஒரு பேக்அப் சுமார் 100 புது முகவரிக்குத் தாங்கும். ஆனால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பெறும் முகவரியும், ஒவ்வொரு அனுப்பலின் சில்லறை முகவரியும் அந்த நூறில் ஒன்றைத் தின்னும். அடிக்கடி அனுப்புகிறவருக்கு 100 சீக்கிரமே தீரும்.

காப்பி எடுக்கும் விதத்திலும் கோளாறு வரும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலைக் காப்பி செய்தால், கடைசி மாற்றங்கள் பக்கத்திலிருக்கும் லாக் ஃபைலில் தங்கியிருக்கலாம். காப்பி குறையாக வரும். முழுசாக மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாஸ்வேர்டு பூட்டு 2011 செப்டம்பரில் 0.4.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை அந்த ஃபைலைத் தொட்டவனுக்குக் காயின் சொந்தம். அந்த வருடம் ஜூனில் ஒருவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து 25,000 காயின் போனது. பிறகு வந்த பதிப்புகளில் பூட்டுப் போட்டதும் பழைய கீக்களை ஒதுக்கிவிட்டுப் புதிய 100 உருவாகும் என்பதால், அன்றே மறுபடி பேக்அப் எடுக்காதவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

விற்பதில் அடிப்படைச் சிக்கல் ஒன்றே: காயின் அனுப்பினால் திரும்ப வராது, பேபால் பணம் திரும்பப் போகும். வாங்குகிறவர் காயினை வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் கழித்து "நான் இந்தப் பணத்தை அனுப்பவில்லை" என்று பேபாலிடம் புகார் செய்தால் விற்றவர் இரண்டையும் இழப்பார். அதனால் பேபால் என்றாலே கூடுதல் விலை, அல்லது முடியாது.

ஐஆர்சி என்ற பழைய சாட் வசதியில் பிட்காயின்-ஓடிசி என்ற சேனல் இதற்கு நல்ல வழி வைத்திருந்தது. ஆளுக்கு ஒரு ஜிபிஜி கீ (அவரால் மட்டுமே திறக்க முடிகிற டிஜிட்டல் பூட்டு). உள்ளே வந்ததும் பாட் என்ற தானியங்கி நிரல் ஒரு ரகசியச் சொல்லை உங்கள் கீயில் பூட்டி அனுப்பும். திறந்து காட்டினால்தான் நீங்கள் நீங்கள். வியாபாரம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் –10 முதல் +10 வரை மதிப்பெண். விதி: மதிப்பெண் குறைந்தவர் முதலில் அனுப்ப வேண்டும். பெரிய தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்ற வேண்டும். ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள்: பேசும் ஆள் இந்த நிமிடம் பாட்டிடம் உறுதி செய்துகொண்டவரா என்று பார்க்காமல், பெயரை மட்டும் பார்த்தார்கள். சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஐ போட்டால் திரையில் வித்தியாசமே தெரியாது. மொத்த மதிப்பெண்ணைவிட, உங்களுக்குத் தெரிந்தவர்கள் அவருக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் சரி. பொய்க் கணக்குகள் ஒன்றுக்கொன்று +10 கொடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) என்றால் மவுண்ட் காக்ஸ். 2011 ஜூன் 19 அன்று அங்கே விலை 17 டாலரிலிருந்து ஒரு சென்ட்டுக்கு விழுந்தது, பயனர் பட்டியலும் வெளியானது. வியாபாரங்களை ரத்து செய்துவிட்டு மறுபடி திறந்தார்கள், கூட்டமும் திரும்பப் போனது. 2014 பிப்ரவரியில் மூழ்கியபோது 8,50,000 காயின் காணோம். பிறகு 2,00,000 மட்டும் கிடைத்தது. அறிகுறி முன்பே இருந்தது. 2013 இரண்டாம் பாதியில் அங்கே விலை பிட்ஸ்டாம்ப் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சைவிடத் தொடர்ந்து கூடுதலாக நின்றது. டாலரை வெளியே எடுக்க முடியாதவர்கள் என்ன விலைக்காவது காயினை வாங்கி அதை வெளியே எடுத்தார்கள், அதனால் வந்த ஏற்றம் அது. அதிக விலை தருகிறதே என்று அங்கே காயினை அனுப்பியவர்கள், எடுக்க முடியாத டாலரைத்தான் வாங்கினார்கள்.

மோசடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் பழைய சரக்கு. வாரம் 7 சதவீதம் வட்டி என்ற பிட்காயின் சேவிங்ஸ் அண்ட் டிரஸ்ட் 2012 ஆகஸ்டில் கவிழ்ந்தது. வாரம் 7 சதவீதம் என்றால் ஓராண்டில் 33 மடங்கு. கால்குலேட்டர் வைத்திருந்த கூட்டம்தான் அதில் பணம் போட்டது.

2013இல் மைனிங்குக்கென்றே செய்த ஏசிக் சிப் வந்ததும் கார்டுகள் காலி. ஜனவரியில் 30 லட்சம் சொச்சமாக இருந்த டிஃபிகல்ட்டி டிசம்பரில் 100 கோடியைத் தாண்டியது. முன்பணம் கட்டிய மெஷின் மூன்று மாதம் தாமதமாக வந்தால் போட்ட காசு வராது, அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தக் கேள்வி கேட்பவர்களில் சிலரிடம் அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க் இருக்கும். அதில் விண்டோஸை பூட் செய்யாதீர்கள். எழுதமுடியாதபடி இணைத்து, முழு டிஸ்க்கையும் பிட் பிட்டாக இமேஜ் எடுத்து, இமேஜில் மட்டும் தேடுங்கள். 0.4.0க்கு முந்தைய வாலட் என்றால் கீக்கள் பூட்டில்லாமலே இருக்கும். ஃபைல் அழிந்திருந்தாலும், அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படாமல் இருந்தால் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு. கீ கிடைத்தும் பேலன்ஸ் பூஜ்யம் காட்டினால் உடனே கைவிட வேண்டாம். 2012 மார்ச்சில் வந்த 0.6.0 பதிப்புக்கு முன்பு, முகவரி உருவாகும் பொதுக் கீ சுருக்காத வடிவத்தில் இருந்தது. இன்றைய கருவிகள் பல சுருக்கிய வடிவத்தை மட்டுமே பார்க்கும். ஒரே ரகசியக் கீக்கு இரண்டு வடிவத்திலும் வெவ்வேறு முகவரி வரும், இரண்டையும் பாருங்கள். மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் ஃபைலை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.