ஒரே தோட்டம், ஐந்து ஆண்டுகள்: எந்தப் பாட்டிலை முதலில் திறப்பது?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். இருபது ஆண்டுகள் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். முதலாளி கடையை மூடியபோது, தன் நிலவறையிலிருந்து ஐந்து பாட்டில் சிவப்பு ஒயினை எனக்குக் கொடுத்தார். ஐந்தும் பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள ‘லேயோவில் பார்த்தோன்’ என்ற தோட்டத்து ஒயின். ஆண்டுகள்: 1996, 2003, 2005, 2009, 2013. மூன்று ஆண்டுகளாகச் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. கெட்டுப்போவதற்கு முன் பழையதிலிருந்து வரிசையாகக் குடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? 2005 என் மகள் பிறந்த ஆண்டு. அவளுக்காக அதை வைத்திருக்க முடியுமா? அடுத்த மாதம் எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு. அன்று எதைத் திறப்பது?

பதில்: மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். இன்று இரவுக்குள் அந்த ஐந்து பாட்டில்களையும் சமையலறையை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். அடுப்பு எரியும்போது சூடேறி, இரவில் ஆறி, காலையில் மறுபடி சூடேறும் இடம் அது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளுகிறது. ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் எவ்வளவு நல்ல ஒயினும் தாங்காது. உங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் ‘காவ்’ என்ற நிலவறை இருந்தால் அங்கே படுக்கவைத்து அடுக்குங்கள். தக்கை நனைந்தே இருக்க வேண்டும். 12 முதல் 14 டிகிரி வரை இருப்பது சிறப்பு. அந்த அளவு கிடைக்காவிட்டாலும், வெப்பம் ஏறி இறங்காமல் இருளில் இருந்தால் போதும். காவ் இல்லையென்றால் வெயில் படாத அறையின் தரைமட்ட அலமாரி.

இனி உங்கள் கேள்வி. வயது வரிசையில் குடிப்பது தவறு. இந்த ஐந்தில் மிகவும் இளையதான 2013-ஐத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். 1996 உங்கள் திருமண நாளுக்கு. அதன்பின் 2003, அதன்பின் 2009. 2005 கடைசி.

ஏன் என்று சொல்கிறேன். லேயோவில் பார்த்தோன், ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய மெதோக் பகுதியில், சேன் ழூலியன் என்ற சிற்றூரில் விளைவது. போர்தோ ஒயின்களுக்கு 1855-இல் வகுத்த தரவரிசையில் இரண்டாம் நிலை பெற்றது. அயர்லாந்திலிருந்து வந்த பார்ட்டன் குடும்பம் 1826 முதல் அந்தத் தோட்டத்தை வைத்திருக்கிறது. கூழாங்கல் நிறைந்த மண். கபெர்னே சோவின்யோன் திராட்சையே பெரும்பங்கு, துணைக்கு மெர்லோ. மண் அதே மண், குடும்பம் அதே குடும்பம். ஆக, உங்கள் ஐந்து பாட்டில்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அந்தந்த ஆண்டின் வெயிலும் மழையும் செய்தது. ஒயின் பயில விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. உங்கள் முதலாளி உங்கள் மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்பதும் இதில் தெரிகிறது.

ஒரு சிவப்பு ஒயின் எத்தனை காலம் நிற்கும் என்பதை முக்கியமாக மூன்று தீர்மானிக்கின்றன: துவர்ப்பு, புளிப்பு, பழத்தின் செறிவு. துவர்ப்பைத் தருவது திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அதே வகை. இளம் ஒயினில் இது முரட்டுத்தனமாக இருக்கும். ஆண்டுகள் போகப்போக டானின் துகள்கள் நிறமிகளோடும் தங்களுக்குள்ளும் கைகோத்துப் பெரிதாகி, ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடுகிறது. துவர்ப்பு மென்மையாகிறது. நாவல்பழச் சாற்றின் நிறம் மெல்ல மாதுளைக்கும், பிறகு செங்கல்லுக்கும் மாறுகிறது. பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு மரப்பெட்டி, புகையிலை, காய்ந்த சருகு, தோல் என்று புதிய வாசனைகள் எழுகின்றன. சங்கத் தமிழில் தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயர். தேறுதல் என்றால் தெளிதல். இந்த ஒயினுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

புளிப்பின் வேலை காவல். நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பும் புளிப்பும் குறையாமல் இருந்தால்தான் ஆண்டுக்கணக்கில் நிற்கும். புதிதாகப் போட்டபோது உறுத்திய கசப்பும் அதற்குள் அடங்கிவிடும். ஒயினிலும் அப்படித்தான். புளிப்பு குறைந்த ஒயினை ஆக்சிஜன் விரைவாகத் தாக்கும், கெடுக்கும் நுண்ணுயிர்களும் எளிதில் வளரும். கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடுகூட அதில் சரியாக வேலை செய்யாது. ஆனால் காவல் மட்டும் இருந்து உள்ளே பொருள் இல்லையென்றால் பயனில்லை. 1975-ஆம் ஆண்டுப் போர்தோ ஒயின்கள் பலவற்றில் டானின் ஏராளம். அது இளகும் என்று காத்திருந்தார்கள். பழம் முதலில் போய்விட்டது, துவர்ப்பு மட்டும் மிஞ்சியது.

இப்போது உங்கள் பாட்டில்கள்.

2013 போர்தோவுக்கு மிகக் கடினமான ஆண்டு. குளிர்ந்த, ஈரமான வசந்தத்தால் பூக்கள் சரியாகக் காய்பிடிக்கவில்லை. விளைச்சல் சரிந்தது. அறுவடை நெருங்கும்போது அழுகல் பரவ, முழுதாகப் பழுக்கும்வரை காத்திருக்க முடியாமல் பறித்தார்கள். கவனமான தோட்டங்கள் அந்த ஆண்டிலும் நேர்மையான, மெலிதான ஒயினைச் செய்தன. ஆனால் உள்ளே செறிவு குறைவு. காத்திருந்தாலும் அது இனி மேம்படாது. அதனால்தான் அது முதலில். இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1996-இன் கதை வேறு. கோடை சுமார்தான். ஆனால் மெதோக்கில் செப்டம்பர் தெளிந்த வெயிலையும் குளிர்ந்த இரவுகளையும் கொடுத்தது. மெர்லோவைவிடத் தாமதமாகப் பழுக்கும் கபெர்னேவுக்கு இது வரம். பகல் வெயிலில் தோல் முதிர்ந்தது, இரவுக் குளிரில் புளிப்பு தங்கியது. மறுபக்கத்தில், தோர்தோன் ஆற்றின் வலக்கரையில், மெர்லோ அதிகமுள்ள சேன்தெமிலியோன், பொமெரோல் ஊர்களில் அதே 1996 இந்த அளவுக்குச் சிறக்கவில்லை. “96 நல்ல ஆண்டா?” என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்தக் கரை என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். 1996 மெதோக் ஒயின்கள் முதல் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் இறுக்கமாகவே இருந்தன. போர்தோவில் உணவகத்தில் ஒயின் பரிமாறிய காலத்தில், அவற்றை விருந்தினருக்குத் தரத் தயங்குவேன். இப்போது அவை திறந்து பேசுகின்றன. முப்பது வயதை ஒட்டிய ஒயினில் அந்தப் புளிப்பின் உயிர்ப்பைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. உங்கள் திருமண நாளுக்கு இதுவே.

2003 ஐரோப்பா வெயிலில் வெந்த ஆண்டு. அந்த ஆகஸ்டில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பாரிஸில் அப்போது இருந்திருந்தால் உங்களுக்கே நினைவிருக்கும். அளவுக்கு மீறிய சூட்டில் கொடி தன் இலைத்துளைகளை மூடிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பழத்திலிருந்த புளிப்பு வெப்பத்தில் கரைந்தது, தோல் சுருங்கியது, சர்க்கரை திரண்டது. வெளிவந்தபோது 2003 ஒயின்கள் இனிமையாக, அகலமாக, எல்லோரையும் மயக்கும்படி இருந்தன. ஆனால் காவல் குறைவு. பல தோட்டங்களின் ஒயின்கள் பதினைந்து ஆண்டுகளுக்குள் தளர்ந்தன. உலர்ந்த அத்திப்பழ வாசனையும், ஈரப்பசையற்ற துவர்ப்பும் மேலே வந்தன. மெதோக்கின் வடபகுதி, குறிப்பாகக் களிமண் நீரைப் பிடித்துவைத்த சேன்தெஸ்தேஃப், நன்றாகத் தப்பியது. லேயோவில் பார்த்தோனும் அந்த ஆண்டின் நல்ல ஒயின்களில் ஒன்று. எனவே பயம் வேண்டாம். ஆனால் அது தன் உச்சியை அடைந்துவிட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் குடியுங்கள். தன்னைவிட ஏழு வயது மூத்த 1996-ஐவிட இது முதுமையாகத் தோன்றினால் வியப்படையாதீர்கள்.

2009-உம் வெயில் ஆண்டுதான், ஆனால் அந்தக் கொடுமை இல்லை. நன்கு பழுத்த, பட்டுப்போன்ற டானின். பிறந்த நாளிலிருந்தே இனிப்பவை. “இவ்வளவு எளிதாகக் குடிக்க முடிகிற ஒயின் நிலைக்குமா?” என்ற சந்தேகம் எழுவது இயல்பு. 1982 வந்தபோதும் சில விமர்சகர்கள் இப்படித்தான் சொன்னார்கள், புளிப்பு போதாது, சீக்கிரம் தளரும் என்று. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதை மிகப் பெரிய ஆண்டு என்று எழுதிப் புகழடைந்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் நல்ல 1982 ஒயின்கள் நிமிர்ந்து நிற்கின்றன. புளிப்பு மட்டுமே காவல் இல்லை, பழத்தின் செறிவும் நன்கு முதிர்ந்த டானினும் சேர்ந்தால் அவையும் காக்கும் என்பதற்கு அதுவே சான்று. 2009-ஐ இன்றே திறக்கலாம், பத்து ஆண்டுகள் கழித்தும் திறக்கலாம். அவசரம் இல்லை.

2005-ஐப் பற்றி எழுதும்போது கை மெதுவாகிறது. வறண்ட ஆண்டு, ஆனால் 2003 போல எரித்த ஆண்டு அல்ல. சிறிய பழங்கள், தடித்த தோல், புளிப்பும் குறையவில்லை. மூன்றும் ஒரே ஆண்டில் கூடியிருந்தன. அதனாலேயே மிக மெதுவாக வளர்கிறது. 2011-இல் ஒரு 2005-ஐப் பொறுமையிழந்து திறந்தேன். பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் இருந்தது. குற்றம் ஒயினுடையது அல்ல, என்னுடையது. உங்கள் மகளின் ஆண்டாக இது வாய்த்தது அரிய அதிர்ஷ்டம். அவளுடைய முப்பதாவது பிறந்தநாள் 2035-இல் வரும். ஒழுங்காகக் காத்தால் அன்று இது மிக நல்ல நிலையில் இருக்கும் என்றே நம்புகிறேன்.

‘ஒழுங்காகக் காத்தால்’ என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். மூன்று ஆண்டுச் சமையலறை வாசம் எவ்வளவு சேதம் செய்தது என்பது வெளியிலிருந்து முழுதாகத் தெரியாது. சில அடையாளங்கள் உண்டு. கைவிளக்கை வைத்து ஒயினின் மட்டத்தைப் பாருங்கள். 1996-இல் அது கழுத்தின் அடி வரையோ, தோளின் மேல்பகுதி வரையோ இறங்கியிருப்பது இயல்பு. தோளின் நடுவுக்கும் கீழே போயிருந்தால் கவலைப்பட வேண்டும். தக்கை மேலே துருத்தியிருந்தாலோ, மூடியின் ஓரம் பிசுபிசுத்தாலோ அது சூடு பட்ட பாட்டில்.

2013-ஐ முதலில் திறக்கச் சொன்னதன் இரண்டாவது காரணம் இதுதான். அதுவே உங்கள் ஒற்றன். ஐந்தும் ஒரே அலமாரியில் இருந்தவை. 2013 மெலிதாக இருந்தாலும் பழ வாசனையோடு உயிர்ப்பாக இருந்தால், மற்றவையும் பெரும்பாலும் தப்பியிருக்கும், நான் சொன்ன காலக்கணக்கு பொருந்தும். காய்ச்சிய ஜாம் போலவோ, உலர்ந்த திராட்சை போலவோ மணந்து, நிறமும் பழுப்பேறியிருந்தால் சூடு வேலையைக் காட்டிவிட்டது. அப்படியானால் எதற்கும் காத்திருக்காதீர்கள். 2003-ஐ உடனே குடியுங்கள். 2005-ஐ 2035 வரை வைத்திருக்காமல் மகளின் அடுத்த பிறந்தநாளிலேயே திறந்துவிடுங்கள். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரச் சாக்கு வாசனை வந்தால் அது தக்கையில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளின் குறை. அந்த ஒரு பாட்டிலோடு முடிந்துவிடும், மற்றவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

திருமண நாளுக்கு முந்தைய நாளே 1996-ஐ நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய தக்கை பொடியும். முடிந்தால் திருகாணிக்குப் பதில் இரண்டு தகடுள்ள தக்கைத் திறப்பானைப் பயன்படுத்துங்கள். பரிமாறும் நேரத்தில், கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, வேறு கண்ணாடிக் குடுவைக்கு ஒரே ஓட்டமாக, மெதுவாகச் சாயுங்கள். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். மணிக்கணக்கில் முன்னதாக ஊற்றி வைக்காதீர்கள், இந்த வயதில் வாசனை விரைவாகப் பறந்துவிடும். 2003-க்கும் இதே முறை. 2009-க்கு இரண்டு மணி நேரக் காற்று நல்லது. 2005-ஐ 2035-க்கு முன் திறக்க நேர்ந்தால் நான்கு மணி நேரமாவது தேவைப்படும். எல்லாவற்றையும் 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். வீடு சூடாக இருந்தால் இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டி.

சமையல்காரரான உங்களிடம் உணவைப் பற்றி நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். இருந்தாலும் மிளகாய்க் காரம் துவர்ப்பைக் கசப்பாக்கும், மதுவின் எரிச்சலையும் கூட்டும். நம் ஆட்டுக்கறிக் குழம்புக்கு 1996 தோற்றுவிடும். அன்று ஆட்டுத்தொடையை உப்பு, மிளகு, பூண்டு மட்டும் போட்டுச் சுட்டு எடுங்கள். கூடவே காளான் இருந்தால் இன்னும் நல்லது.

2013 நல்ல செய்தி சொல்லிவிட்டால், 2005-இன் கழுத்தில் மகளின் பெயரையும் 2035 என்ற ஆண்டையும் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி, காவின் தரையோரம், சுவரை ஒட்டிய மூலையில் படுக்கவையுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் ‘இன்னும் ஒரு பாட்டில் இருக்கிறதா?’ என்று தேடிவரும் கை அதை எடுத்துவிடக் கூடாது.